செல்போனுக்கும் சீர்வரிசை உண்டு!



சென்ற இதழில் மழைக்காலத்தில் பருப்பும் புளியும் வண்டு பிடிக்காமல் காப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "புளிக்கு வழி சொன்னீங்க அக்கா, சந்தோஷம். என் மகன் எனக்குப் புது செல்போன் வாங்கிக் கொடுத்திருக்கான். கடைக்குப் போனா அதுக்குக் கவர் வாங்குங்க, கண்ணாடி வாங்குங்க, பேட்டரி வாங்குங்கன்னு ஒரு பட்டியலே நீட்டுறாங்க. எது வேணும், எது வேணாம்னு ஒரு இல்லத்தரசியா நீங்க சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

சொல்லலாம். ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் நன்றாகச் சூடு பட்டவள்.

பெண்ணுக்குச் சீர் கொடுப்பதைப் பாருங்கள். குத்துவிளக்கு, அண்டா, குடம், பீரோ என்று லாரி நிறைய ஏற்றி அனுப்புகிறோம். பத்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் தினமும் கையில் புழங்குவது ஒரு தோசைக்கல்லும் இரண்டு குண்டானும்தான். மீதியெல்லாம் பரண் மேல் தூசி படிந்து கிடக்கும். செல்போனுக்கு வாங்கும் சாமான்களும் அப்படியே. புழங்கும் சாமான் எது, பரண் சாமான் எது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பணமும் மிஞ்சும், மனசும் நிம்மதியாக இருக்கும்.

அந்தப் புயல் இரவு

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் யாருக்கும் அந்தத் தேதி மறக்காது. ஃபெஞ்சல் புயல் அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்ததோடு போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை!

என் தங்கை திண்டிவனத்தில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு எட்டரை மாதம். அவள் வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை. மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் இவளும் வயதான மாமியாரும்தான். இரவு பத்து மணி இருக்கும், போன் பண்ணினாள்.

"அக்கா, கரண்ட் போயிடுச்சு. போன்ல பதினஞ்சு சதவீதம்தான் இருக்கு. ஆனா நீ வளைகாப்புக்குக் குடுத்த பேட்டரி இருக்கு, போட்டுக்கிறேன்."

"அப்புறம் என்ன கவலை? தைரியமா தூங்கு" என்றேன்.

அந்த "பேட்டரி" என்பது பவர் பேங்க். விழுப்புரத்தில் ஒரு கடையில் 399 ரூபாய்க்கு வாங்கியது. பெட்டி மேல் 20,000 என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. "நாலு தடவை ஃபுல் சார்ஜ் ஆகும் மேடம்" என்றார் கடைக்காரர். வளைகாப்புக்குப் போகும்போது கண்ணாடி வளையலோடு அதையும் சேர்த்துக் கொடுத்து, "எல்லாரும் புடவை குடுப்பாங்க, உங்க அக்கா என்ன குடுத்திருக்கா பாரு" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அந்தப் பேச்சுதான் கடைசி. ஞாயிறு முழுக்க அவள் போன் "சுவிட்ச் ஆஃப்". எங்கள் தெருவிலும் தண்ணீர். சாலையெல்லாம் வெள்ளம். திங்கட்கிழமை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதால் ரயில்களையும் நிறுத்திவிட்டார்கள். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத திண்டிவனம் எனக்குச் சிங்கப்பூர் மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்லச் சொல்ல, நான் பூஜை அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். தங்கைதான். எதிர்வீட்டுப் பெரியவரின் பழைய பட்டன் போனிலிருந்து பேசினாள். நான் கொடுத்த பவர் பேங்க் முக்கால் மணி நேரம் விளக்கு எரிந்துவிட்டு அணைந்துவிட்டதாம். நடுராத்திரியில் அவளுக்கு இடுப்பு வலி வந்திருக்கிறது. 108-க்குச் சொல்லப் போன் இல்லை. மாமியார் வெந்நீர் வைத்துக் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம். நல்ல வேளை, அது சூட்டு வலி. விடிவதற்குள் அடங்கிவிட்டது. பதினைந்து நாள் கழித்து, வெயில் அடித்த ஒரு நல்ல நாளில் பெண் குழந்தை பிறந்தது. அந்த ராத்திரியே நிஜமான வலி வந்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பிறகு அந்தப் பவர் பேங்கை, போன் ரிப்பேர் செய்யும் தெருக்கோடிப் பையனிடம் கொடுத்தேன். அவன் பிரித்துக் காட்டினான். உள்ளே ஒரே ஒரு சின்ன பேட்டரி. கனம் தெரிய வேண்டும் என்பதற்காக, பக்கத்தில் ஒரு பொட்டலம் மணல்! என் தங்கைக்கு வளைகாப்புச் சீராக நான் மணலைக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இந்தச் சாமான்களைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டு, படித்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

பவர் பேங்க்: எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பெட்டியில் 10,000, 20,000 என்று "எம்.ஏ.எச்." கணக்குப் போட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு. அந்தப் பேட்டரி 3.7 வோல்ட்டில் இருப்பது. போனுக்குக் கொடுக்கும்போது அதை 5 வோல்ட்டாக ஏற்றித்தான் கொடுக்க முடியும். அப்படி ஏற்றினால் 10,000 என்பது 7,400 ஆகிவிடும். அதிலும் சூடாகப் போவது போக, கைக்கு வருவது 6,000 முதல் 6,500 வரைதான். ஒரு குடம் தண்ணீரைக் கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவருவதற்குள் வழியில் கொஞ்சம் தளும்பிச் சிந்துகிறதே, அந்த மாதிரி.

ஆகவே, நியாயமான 10,000 பவர் பேங்க், 5,000 பேட்டரி உள்ள போனை ஒன்றேகால் முதல் ஒன்றரை தடவை நிரப்பும். இரண்டு தடவை நிரப்பும் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கணக்குத் தெரியவில்லை. நல்ல கம்பெனிகள் பெரிய எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் "ரேட்டட் கப்பாசிட்டி" என்று உண்மையான அளவையும் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தைப் படியுங்கள். கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தால் கடைக்காரப் பையனையே படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது முத்திரை. நம் நாட்டில் பவர் பேங்க், சார்ஜர் இரண்டையும் பி.ஐ.எஸ்.ஸில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. பதிவு செய்த சாமானில் ஐ.எஸ். என்ற எண்ணும், "ஆர்" என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் அச்சாகியிருக்கும். "பி.ஐ.எஸ். கேர்" என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தச் சாமானுக்குக் கொடுத்தது என்று காட்டிவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம், இரண்டு நிமிஷ வேலை. நான் பார்த்திருந்தால் மணலை வாங்கியிருக்க மாட்டேன்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். "பில் போட்டா ஜி.எஸ்.டி. ஆகும் மேடம்" என்று இழுத்தால் அந்தக் கடைப் படியை இறங்கிவிடுங்கள். ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்; கையில் பில் இருந்தால் அதற்குப் பலம் கூடும்.

வாங்கியதைப் பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. சும்மா கிடந்தாலும் பேட்டரி மெல்ல இறங்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றி வையுங்கள். நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டியைப் பரணிலிருந்து இறக்கும் அன்று பவர் பேங்கையும் முழுசாக ஏற்றிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அது தயார்.

பவர் பேங்க் வயிறு உப்பினாற்போல் தெரிந்தால் அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். ஆணியால் குத்துவதோ, அமுக்கிப் பார்ப்பதோ கூடவே கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்னணுக் கழிவு வாங்கும் கடைகளில் கொடுத்துவிடுங்கள்.

துபாய், சிங்கப்பூர் என்று பிள்ளைகளை விமானம் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். லக்கேஜில் போடும் பெரிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பொதுவாக 100 வாட் மணி வரைதான் தடையில்லாமல் விடுவார்கள். 20,000 பவர் பேங்க் 74 வாட் மணி, ஆகவே பயமில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடுவதையே தடை செய்துவிட்டது. புறப்படும் முன் அந்தந்த விமானக் கம்பெனியின் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சார்ஜர்: குழந்தை இருக்கும் வீட்டுக்கு முக்கியம்

முன்பெல்லாம் போன் வாங்கினால் பெட்டிக்குள்ளேயே சார்ஜர் இருக்கும். இப்போது சில கம்பெனிகள் வைப்பதில்லை. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற கதையாக, அதைத் தனியே வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் நடைபாதையில் 80 ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்கிவிடத் தோன்றும். வேண்டாம்.

நல்ல சார்ஜருக்குள் வீட்டுக் கரண்டின் 230 வோல்ட்டையும் போனுக்குப் போகும் 5 வோல்ட்டையும் பிரித்து வைக்கிற தடுப்பு இருக்கும். மட்டமான சார்ஜரில் அந்தத் தடுப்பு ஒப்புக்குத்தான் இருக்கும். அது உடைந்தால் கேபிள் முனையிலேயே வீட்டுக் கரண்ட் வந்துவிடலாம். தவழும் குழந்தை எதை எடுத்தாலும் வாயில் வைக்கும் அல்லவா? 2023 ஆகஸ்டில் கர்நாடகத்தில் கார்வார் அருகே, சுவிட்சை அணைக்காமல் தொங்கவிட்டிருந்த சார்ஜர் முனையை வாயில் வைத்த எட்டு மாதக் குழந்தை இறந்துபோனது. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இளம் தாய்மார்களே, இதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். போனைக் கழற்றியவுடன் சுவிட்சை அணையுங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கி, கேபிளைச் சுருட்டி உயரத்தில் வையுங்கள். கேஸ் அடுப்பை அணைத்ததும் சிலிண்டர் குமிழைத் திருப்புகிறோமே, அதே மாதிரி கை தானாகப் போக வேண்டும். தலையணைக்கு அடியில், மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போடுவதும் வேண்டாம். சூடு வெளியேற வழி இருக்காது.

சார்ஜரில் பொடி எழுத்தில் "அவுட்புட்" என்று இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். உங்கள் போன் எத்தனை வாட் வரை வாங்கும் என்று போன் பெட்டியிலோ விவரப் புத்தகத்திலோ இருக்கும். "அதிக வாட் சார்ஜர் போட்டால் போன் கெட்டுவிடுமா?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல சார்ஜராக இருந்தால் கெடாது. போன் தனக்கு வேண்டியதைத்தான் கேட்டு வாங்கும். சாப்பாடு நிறைய வடித்து வைத்தாலும் குழந்தை வயிற்றுக்குத் தக்கபடிதானே சாப்பிடும்! ஆனால் சில கம்பெனிகளின் அதிவேகச் சார்ஜ் அவர்கள் சார்ஜர், அவர்கள் கேபிள் இரண்டும் சேர்ந்தால்தான் முழு வேகத்தில் நடக்கும். வேறு போட்டால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

கேபிள்: எல்லாம் ஒரே கயிறு இல்லை

பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் பருமனில்தான் சங்கதி. கம்பி மெலிந்திருந்தால் சார்ஜ் நத்தை மாதிரி ஏறும், கேபிளும் சுடும். அட்டையில் 3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் நீளம் வீட்டுக்குப் போதும். நீளம் கூடக் கூட வேகம் குறையும். தவிர, சில மலிவுக் கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். போட்டோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற உதவாது.

நல்ல செய்தி என்னவென்றால், இப்போது வரும் போன்களில் பெரும்பாலும் "டைப்-சி" என்ற ஒரே மாதிரி வாய்தான். ஐரோப்பிய நாடுகளில் 2024 டிசம்பர் 28 முதல் புதுப் போன்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஐபோனும் 2023-லேயே இதற்கு மாறிவிட்டது. ஆகவே வீட்டில் நாலு பேருக்கு நாலு கேபிள் வேண்டாம். நல்லதாக இரண்டு வாங்கினால் போதும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று பிரயாணப் பைக்கு.

பிரயாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது பொதுச் சார்ஜ் இடத்தில் வெறும் கேபிளைச் சொருகாதீர்கள். அந்த வழியாகப் போனுக்குள் புகுந்து தகவலைத் திருடலாம் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட எச்சரிக்கைப் புத்தகத்திலேயே இருக்கிறது. உங்கள் சொந்தச் சார்ஜரைப் பிளக்கில் மாட்டுங்கள், அல்லது சொந்தப் பவர் பேங்கில் போடுங்கள். அக்கவுண்டில் இருப்பது ஆயிரம் ரூபாயானாலும் நம் சிறுவாட்டுப் பணம் அல்லவா!

கவரும் கண்ணாடியும்

இவை இரண்டும் புழங்கும் சாமான்கள், கட்டாயம் வேண்டும். கவர் வாங்கும்போது பூவையும் மயிலையும் பார்க்காதீர்கள். போனைக் கவரோடு மேஜையில் குப்புற வைத்துப் பாருங்கள். கவரின் ஓரம் சற்று உயர்ந்து, திரை மேஜையைத் தொடாமல் நின்றால் அது நல்ல கவர். நாலு மூலையும் தடித்திருக்க வேண்டும், ஏனென்றால் போன் கீழே விழுந்தால் பெரும்பாலும் மூலைதான் முதலில் அடி வாங்கும். நிறமில்லாத ரப்பர் கவர் நாளாவட்டத்தில் மஞ்சளாகிவிடும். அது அதன் சுபாவம். சோப்புப் போட்டுத் தேய்த்து உங்கள் கையை நோகடித்துக்கொள்ளாதீர்கள்.

மேலே ஒட்டும் கண்ணாடியில் "9 எச்" என்று எழுதி, வைரத்தைப் போலக் கடினம் என்பார்கள். அது பென்சில் கணக்கு. 9 எச் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்று மட்டும்தான் அர்த்தம். மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. ஆகவே மணல் பட்டால் கோடு விழும். சாவி, சில்லறையோடு போனைப் போடாதீர்கள். விலை கூடிய கண்ணாடி தேவையில்லை. அது இருப்பதே நம் திரைக்குப் பதிலாக அது உடைவதற்குத்தான்.

மழையில் வெளியே போகும் போது, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்று பையில் இருக்கட்டும். போன் தண்ணீரில் விழுந்துவிட்டால் நம்மில் பலர் அரிசிப் பானைக்குள் புதைப்போம். அது வேண்டாம். அரிசித் தூள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் சொல்லிவிட்டது. போனை அணைத்து, துடைத்து, சார்ஜ் போடும் வாய் கீழே பார்க்கும்படி லேசாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நன்றாகக் காயும் வரை சார்ஜ் போடவே கூடாது.

காதில் மாட்டுவது

இயர்போன் வாங்கும்போது, ஒயர் வைத்ததாக ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்பேன். எஃப்.எம். ரேடியோ உள்ள போன்களில் அந்த ஒயர்தான் ஏரியல். புயல் நாளில் இன்டர்நெட் போய்விட்டாலும், எட்டும் தூரத்தில் நிலையம் வேலை செய்தால் ரேடியோவில் செய்தி கேட்கலாம். சில போன்களில் ஒயர் மாட்டும் துளையே கிடையாது. கடையில் மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் சத்தத்தில் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு அது 75 டெசிபல்தான். டெசிபலை எங்கே போய் அளப்பது? எளிய வழி: ஒலியளவைப் பாதிக்குச் சற்று மேல், அறுபது சதவீதத்தைத் தாண்டாமல் வையுங்கள். கை நீட்டும் தூரத்தில் நின்று நாம் சாதாரணமாகப் பேசினால் பிள்ளைக்குக் கேட்க வேண்டும். "டேய்!" என்று கத்த வேண்டியிருந்தால் சத்தம் அதிகம். ரயில் பாதையைக் கடக்கும்போதும் ரோட்டில் நடக்கும்போதும் காதில் எதுவுமே இருக்கக் கூடாது. இதை வீட்டுச் சட்டமாகவே போடுங்கள்.

பரண் சாமான்கள்

கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று பொன்னிறத்தில் ஒன்றை ஒட்டப் பார்ப்பார்கள். பலனுக்கு ஆதாரம் இல்லை. போனின் அலையை மறைத்தால் சிக்னலுக்காகப் போன் இன்னும் அதிகமாகத் திணறும். கல் பதித்த மோதிரம், வட்ட விளக்கு, போனுக்குக் காற்றாடி இவையெல்லாம் ஆசைக்கு வாங்குபவை. கையில் காசு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பதில் போனில் நேராகச் சொருகும் பென்டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள், அப்பாவின் கடைசிப் போட்டோ எல்லாம் போனுக்குள்தானே இருக்கின்றன? போன் தொலைந்தால் அவையும் தொலையும். மாதம் ஒருமுறை அதில் மாற்றி வைத்தால், பீரோவில் இருக்கும் ஆல்பம் மாதிரி பத்திரமாக இருக்கும்.

நாமே தைக்கலாம் ஒரு சுருக்குப் பை

புடவையில் போனுக்குப் பாக்கெட் கிடையாது. பாட்டி இடுப்பில் செருகிய சுருக்குப் பையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தீர்ந்தது. ஐந்தரை அங்குல அகலம், 18 அங்குல நீளம் கெட்டித் துணி ஒன்று. அதே அளவில் பழைய மெல்லிய வேட்டித் துணி ஒன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நீளத்தின் இரு முனைகளிலும் ஒரு அங்குலம் மடித்துத் தையுங்கள். இப்போது நீளம் 16 அங்குலம். மெல்லிய துணி வெளியே தெரியும்படி இரண்டாக மடித்து, பக்கங்களில் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்பினால், நாலரைக்கு எட்டு அங்குலத்தில் பை தயார். மெல்லிய துணி உள்பக்கமாக இருப்பதால் திரையில் கோடு விழாது. வாயில் மடித்த பகுதிக்குள் சுருக்குக் கயிறு கோத்து, தோளில் குறுக்கே மாட்ட 45 அங்குல நாடா ஒன்று தைத்துவிடுங்கள். சந்தைக்கும் கோவிலுக்கும் இதைவிட வசதி இல்லை.

கடைசியாக

போன மழைக்காலத்துக்கு முன்னால் தங்கைக்குப் புதிதாக ஒரு பவர் பேங்க் வாங்கிக்கொண்டு திண்டிவனம் போனேன். எண்ணைச் சரிபார்த்து, பில்லோடு வாங்கிய நல்ல 10,000. ஏறக்குறைய 1,100 ரூபாய் ஆயிற்று. கையில் வாங்கியவள் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "மணல் சத்தம் கேக்கலியே அக்கா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. அவள் மாமியார் அதை வாங்கிச் சாமி அலமாரியில், தீப்பெட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் பக்கத்தில் வைத்தார். "ஆபத்துக்கு வேணுங்கறது கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்மா" என்றார்.

அந்த அலமாரியின் உள்பக்கம் ஒரு காகிதமும் ஒட்டியிருந்தது. 108, 112, என் எண், எதிர்வீட்டுப் பெரியவரின் எண். போன் அணைந்துபோனால் அதற்குள் இருக்கும் நம்பரும் சேர்ந்து அணைந்துவிடும். பேனாவால் எழுதியது அணையாது. ஒரு பைசாச் செலவில்லாத அந்தக் காகிதம்தான் நான் பார்த்ததிலேயே நல்ல துணைச் சாமான். இன்றைக்கே உங்கள் வீட்டிலும் ஒன்று எழுதி ஒட்டிவிடுங்கள், சகோதரிகளே.

அடுத்த இதழில், பல் முளைக்கும் குழந்தைக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய கேழ்வரகுக் கூழ் வகைகளோடு வருகிறேன்.